ஆசிட் பட்ட தழும்பும் சிலிகான் ஷீட்டும்: குழித்துறைப் பக்கத்து வாசகிக்குப் பதில்

குமரி மாவட்டத்தில் குழித்துறைக்குப் பக்கத்து கிராமம் ஒன்றிலிருந்து 32 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சாரம் இதுதான்.

அவரும் கணவரும் குத்தகைக்கு எடுத்த ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி, வீட்டிலேயே ரப்பர் ஷீட் அடித்து விற்கிறார்கள். போன கார்த்திகையில் பாலை உறைய வைக்க ஆசிட் கலக்கும்போது கன்னாஸ் (ஆசிட் கேன்) கை நழுவியது. வலது கையில் முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டுக்குச் சற்று மேல்வரை ஆசிட் ஓடியது; நடுநெஞ்சில் ஒரு துளி தெறித்தது. கையில் ஓரப்பகுதிகள் இரண்டு வாரத்தில் ஆறின, நடுப்பகுதி ஆற ஐந்து வாரம் ஆனது. புண் மூடி இரண்டு மாதம் கழித்து அந்த இடம் சிவந்து, தடித்து, ராத்திரி தூங்கவிடாமல் அரிக்கத் தொடங்கியது. நெஞ்சில் புளியங்கொட்டை அளவே இருந்த காயம் இப்போது ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகிவிட்டது.

மருந்துக்கடைக்காரர் சொன்னதைக் கேட்டு ஆன்லைனில், தழும்பின் மேல் ஒட்டும் சிலிகான் ஷீட் வாங்கி, இரவில் மட்டும் மூன்று வாரம் ஒட்டியிருக்கிறார். மாமியார் சொற்படி அடியில் தேங்காய் எண்ணெயும் தடவியிருக்கிறார். ஷீட் நழுவியது, வேர்க்குரு மாதிரிப் பொரிந்தது, ஒட்டும் தன்மையும் போய்விட்டது. ரப்பர் கையுறை போட்டாலே கை தடிக்கும் உடம்பு என்பதால், இதுவும் ரப்பர்தானே என்று பயந்து நிறுத்திவிட்டார். கணவர், "காசைப் பிடுங்குகிற வேலை" என்கிறார். வளைகுடாவில் இருக்கும் கொழுந்தன், "அங்கிருந்து நல்லது அனுப்புகிறேன், அண்ணி" என்கிறார். திருவனந்தபுரத்தில் ஒரு கிளினிக்கில் நெஞ்சுத் தழும்பை வெட்டித் தைத்துவிடலாம், ஒரே நாளில் முடியும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஷீட் ஏமாற்றா? வெட்டிவிடலாமா? ஒன்பது வயது மகளுக்கும் இப்படி வருமா? இவைதான் கேள்விகள். கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: "இப்போது கையை முழுசாக நீட்ட வரவில்லை, அதுவும் சரியாகிவிடும்தானே?"

சகோதரி, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கேட்ட மற்ற எல்லாவற்றையும்விட அவசரமானது அதுதான்.

முதலில் முழங்கை

தீப்புண்ணோ ஆசிட் புண்ணோ மூட்டின் மடிப்புக்குக் குறுக்கே ஆறினால், தழும்பு தடிப்பதோடு நிற்காது, சுருங்கவும் செய்யும். புண் ஆறும்போது அங்கே சேரும் செல்களில் ஒரு வகைக்குத் தசைபோல இழுக்கும் சக்தி உண்டு. அவை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும். கையை மடக்கி வைத்தால் இழுப்பும் அரிப்பும் குறைவதால் நாமும் நம்மை அறியாமல் மடக்கியே வைக்கிறோம். அப்படியே விட்டால் தோல் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் தசையும் மூட்டைச் சுற்றிய சவ்வும் அந்த நிலைக்குப் பழகிவிடும்.

கண்ணாடி முன் நின்று, உள்ளங்கை மேலே பார்க்க இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பாருங்கள். இடது கை எவ்வளவு நீள்கிறது, வலது கை எங்கே நிற்கிறது என்று கணவரைப் பக்கவாட்டில் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். தழும்பு கயிறு மாதிரி விறைத்து, வெளுத்து எழும்புகிறதா என்றும் பாருங்கள். அப்படி எழும்பினால் சுருக்கம் தொடங்கிவிட்டது என்று பொருள். சிலிகான் ஷீட் தோலை மிருதுவாக்க உதவலாம், ஆனால் மடங்கிய மூட்டை அது நிமிர்த்தாது. இந்த வேலை பிசியோதெரபிஸ்டுடையது. தினமும் பல முறை மெதுவாக நீட்டும் பயிற்சி, இரவில் கையை நீட்டியபடி வைக்க ஒரு ஸ்பிளின்ட் இரண்டும் வேண்டும். காயம்பட்டு ஆறு மாதம்தான் ஆகிறது, தழும்பு இன்னும் இளசு. இளசாக இருக்கும்போது நீட்டினால் இணங்கும். ஒன்றரை, இரண்டு வருடம் கழித்து வந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். சுருங்கிய பட்டையை விடுவித்து, அதே தோலை இடம் மாற்றித் தைப்பதோ, தொடையிலிருந்து தோல் எடுத்து வைப்பதோ வேண்டியிருக்கும்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, உங்களுக்குப் பஸ் வசதி அந்தப் பக்கம்தான் என்றால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கோ இந்த வாரமே போங்கள். "தழும்பு" என்று மட்டும் சொன்னால் அழகுப் பிரச்சினை என்று நினைத்துவிடக்கூடும். "கை நீட்ட வரவில்லை" என்பதை முதலில் சொல்லுங்கள்.

கையில் இருப்பதும் நெஞ்சில் இருப்பதும் ஒன்றல்ல

கடிதத்தில் இரண்டையும் ஒரே தழும்பாகப் பேசியிருக்கிறீர்கள். உங்களுக்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை போலிருக்கிறது.

தோல் கிழிந்ததும் உடம்பு கொலாஜன் என்ற புரத நாரை வைத்து இடைவெளியை அடைக்கிறது. வேலை முடிந்ததும் நிறுத்திவிட்டு, அடுத்த ஓரிரு வருடத்தில் அதிகமானதைக் கரைத்து ஒழுங்குபடுத்தும். சில காயங்களில் அந்த "போதும்" என்ற சொல் உரிய நேரத்தில் போய்ச்சேர்வதில்லை, சுவர் முடிந்த பிறகும் கொத்தனார் பூசிக்கொண்டே இருப்பதைப் போல நார் சேர்ந்துகொண்டே போகிறது. தீக்காயம் மூன்று வாரத்தைத் தாண்டி ஆறினால் இந்த வாய்ப்பு மிக அதிகம். உங்கள் கையில் இரண்டு வாரத்தில் ஆறிய ஓரங்கள் சமதளமாக இருப்பதும், ஐந்து வாரம் எடுத்த நடுப்பகுதி தடித்திருப்பதும் இதனால்தான். நீங்கள் சாப்பிட்ட எதுவும், நீங்கள் செய்த எதுவும் இதற்குக் காரணம் அல்ல. கருவாடு சாப்பிட்டதால்தான் வந்தது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். புண் ஆறுவதற்கு மீனும் முட்டையும் பருப்பும் வேண்டும்.

கையில் இருப்பது காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்த தழும்பு. புண் மூடிய ஓரிரு மாதத்தில் எழும்பும், சில மாதம் சிவந்து அரிக்கும், பிறகு ஓரளவு தானாகவே அடங்கும். சிலிகான் ஷீட்டுக்கு ஏற்றது இந்த வகைதான்.

நெஞ்சில் இருப்பது, நீங்கள் எழுதியபடி காயத்தின் எல்லையைத் தாண்டிப் பக்கத்து நல்ல தோலுக்குள் பரவுகிறது என்றால், பெரும்பாலும் கீலாய்டு. நடுநெஞ்சு, தோள், மேல்முதுகு, காதுமடல், தாடை ஆகிய இடங்களில் இது அதிகம் வரும். நம்மைப் போன்ற கருநிறத் தோலில் அதிகம், பத்து முதல் முப்பது வயதுக்குள் அதிகம், சில குடும்பங்களில் தலைமுறையாக வரும். இது தானாக அடங்குவது அபூர்வம். இதற்கு ஷீட் மட்டும் போதாது. நேரில் பார்க்காமல் இதை உறுதியாகச் சொல்வது சரியல்ல, அதனால் தோல் மருத்துவர் தொட்டுப் பார்த்து முடிவு செய்யட்டும்.

ஷீட் ஏமாற்றா?

இல்லை. ஆனால் விளம்பரத்தில் சொல்கிற அளவு அற்புதமும் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் தீக்காயத் தழும்புகளின் மேல் சிலிகான் ஜெல்லை வைத்துப் பார்த்தார்கள், தழும்பு மிருதுவாவது தெரிந்தது. அழுத்தத்தால் வருகிற பலன் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அழுத்தமே இல்லாமல் சும்மா ஒட்டினாலும் பலன் தெரிந்ததும் வேறு காரணம் தேடினார்கள். இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் விளக்கம் ஈரப்பதம். புதுத் தழும்பின் மேல்தோல் நீரைப் பிடித்து வைக்கத் தெரியாமல் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அந்த வறட்சியே கீழே உள்ள செல்களை இன்னும் நார் செய்யத் தூண்டுகிறது. ஷீட் அந்த நீர் இழப்பைக் குறைக்கிறது. சிலிகான் உடம்புக்குள் மருந்துபோல இறங்குவதில்லை.

2002-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட தழும்புச் சிகிச்சைப் பரிந்துரையில் சிலிகான் ஷீட்டுக்கு முன்வரிசை இடம் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம், ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2013-லும் 2021-லும் பார்த்துவிட்டு, நடந்த ஆய்வுகளின் தரம் போதாது, பலனை உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. உங்கள் கணவரின் சந்தேகத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. அப்படியிருந்தும் டாக்டர்களாகிய நாங்கள் ஏன் எழுதிக் கொடுக்கிறோம்? வலி இல்லை, ஊசி இல்லை, பெரிய பக்கவிளைவு இல்லை, சரியாகப் போட்டவர்களில் பலருக்கு அரிப்பும் விறைப்பும் குறைவதைப் பார்க்கிறோம். தழும்பு மறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உயரம் குறையும், மிருதுவாகும், நிறம் கொஞ்சம் அடங்கும். எதிர்பார்ப்பு இந்த அளவில் இருக்கட்டும்.

ரப்பர் பயத்துக்கு வருகிறேன். உங்கள் கை கையுறைக்குத் தடிப்பது ரப்பர் பாலில் உள்ள புரதத்தாலோ, கையுறை தயாரிப்பில் சேர்க்கும் வேதிப்பொருளாலோ இருக்கலாம். சிலிகான் என்பது ரப்பர் மரத்துப் பாலில் செய்வதல்ல, அந்தப் புரதம் அதில் கிடையாது. ஷீட்டை நிறுத்தி வைக்க மேலே ஒட்டும் பிளாஸ்டருக்கு ஒவ்வாமை வரலாம், அதனால் தானாக ஒட்டும் வகையாக வாங்குங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையுறை ஒவ்வாமையை மறக்காமல் சொல்லுங்கள். ஊசி போட்டாலும் ஆபரேஷன் செய்தாலும் அவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

எப்படிப் போடுவது

உங்களுக்கு ஷீட் பலிக்காததற்குக் காரணம் மூன்று: எண்ணெய், நேரம் போதாமை, வேர்வை. மூன்றையும் சரிசெய்யலாம்.

ஷீட் சுத்தமான, உலர்ந்த, மூடிய தோலில் மட்டும்தான் ஒட்ட வேண்டும். எண்ணெய், கிரீம், பவுடர் எதுவும் அடியில் கூடாது. தழும்பைவிடச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் பெரிதாக வெட்டுங்கள், மூலைகளை வட்டமாக வெட்டினால் சீக்கிரம் உரியாது. முதல் இரண்டு நாள் நான்கு மணி நேரம், பிறகு எட்டு, அப்புறம் பன்னிரண்டு என்று ஏற்றுங்கள். பலன் வேண்டுமென்றால் நாளொன்றுக்குக் குறைந்தது பன்னிரண்டு மணி நேரம், முடிந்தால் அதற்கும் மேல் இருக்க வேண்டும். இரண்டு மூன்று மாதமாவது விடாமல் போடணும், தடித்த தழும்புக்கு ஆறு மாதம்கூட ஆகலாம். மூன்று வாரத்தில் ஒன்றும் தெரியாமல் போனதில் ஆச்சரியமே இல்லை.

உங்கள் வேலை நேரத்துக்கு இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். விடிவதற்கு முன் வெட்டுக்குப் போய், பால் எடுத்து, உறைய வைத்து, ரோலரில் அடித்து, புகைப்புரையில் போட்டு முடிக்க மதியம் ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரம் முழுக்க ஷீட் வேண்டாம். புகையிலும் வேர்வையிலும் அது நிச்சயம் பொரியும். மதியம் குளித்து, கை நன்றாகக் காய்ந்ததும் ஒட்டினால் மறுநாள் அதிகாலை எழும்வரை பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலேயே கிடைக்கும். இரவில் ஸ்பிளின்ட் கொடுத்தால் ஷீட்டை அதற்கு அடியில் வைக்கலாமா என்று பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். தென்மேற்கு மழை பிடித்து வெட்டு நிற்கிற நாட்கள் இன்னும் வசதி. ஆனால் மழைக்காலத்துப் புழுக்கத்தில் ஷீட்டை நாளில் இரண்டு முறை எடுத்துத் தோலைக் காற்றாட விடுங்கள்.

ஷீட்டைக் கழுவுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். குழந்தைகளுக்குப் போடும் மென்மையான சோப்பில் இரண்டு சொட்டு, ஆறின தண்ணீர். ஒட்டும் பக்கத்தை விரல் நுனியால் மெல்லத் தேய்த்து, வழவழப்பு போகும்வரை அலசுங்கள். துவர்த்தால் (துண்டால்) துடைக்கக் கூடாது. நூல் இழை ஒன்று ஒட்டினாலும் அந்த இடம் பிறகு பிடிக்காது, உங்கள் ஷீட்டின் ஒட்டும் தன்மை போனதும் அப்படித்தான் இருக்கும். உதறிவிட்டு, ஒட்டும் பக்கம் மேலே இருக்க ஒரு கண்ணாடித் தட்டில் வைத்து நிழலில் காய விடுங்கள். தழும்பையும் அதே நேரத்தில் கழுவித் துடையுங்கள். நன்றாகப் பராமரித்தால் ஒரே ஷீட் பல நாள் வரும். கழுவியும் ஒட்டாவிட்டாலோ ஓரம் கிழிந்தாலோ மாற்றுங்கள்.

வேர்க்குரு வந்தால் பயப்படாமல் இரண்டு மூன்று நாள் நிறுத்தி, அடங்கியதும் குறைந்த நேரத்தில் மறுபடி தொடங்கலாம். நீர் கோத்து, சீழ் பிடித்து, கெட்ட வாடை வந்தால் ஷீட்டை எடுத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். திறந்த புண்ணின் மேல் ஒருபோதும் ஒட்டாதீர்கள். முழங்கை மடிப்பில் ஷீட் நிற்கவே இல்லை என்றால் அங்கே மட்டும் சிலிகான் ஜெல் போடலாம். காலை, மாலை மெல்லிசாகத் தடவி, ஐந்து நிமிஷம் காய விட்டால் போதும். கனமாகப் பூசினால் காயாது, பலனும் கூடாது.

மாமியார் சொன்ன தேங்காய் எண்ணெயை முழுக்கத் தள்ள வேண்டியதில்லை. ஷீட் இல்லாத நேரத்தில், வேலைக்குப் போகும்முன் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கட்டைவிரலால் சற்று அழுத்தி வட்டமாக ஐந்து நிமிஷம் தேயுங்கள். அரிப்புக்கும் விறைப்புக்கும் நல்லது, அவருக்கும் திருப்தியாக இருக்கும். ஷீட் ஒட்டும்முன் சோப்புப் போட்டு அந்த எண்ணெயைப் போக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவுவது வேண்டாம். சிலருக்குத் தோல் சிவந்து பொரிகிறது, அதைத் தாங்கிக்கொள்ளும் அளவுக்குப் பலனும் நிரூபிக்கப்படவில்லை. வெளியே போகும்போது முழுக்கைச் சட்டை போடுங்கள், வெயில் பட்டால் புதுத் தழும்பு கறுத்துவிடும்.

கொழுந்தன் அனுப்புவதை வாங்கிக்கொள்ளலாம். வெளிநாட்டுச் சரக்கு என்பதால் கூடுதல் பலன் இருக்கும் என்று மட்டும் எண்ண வேண்டாம். இங்கேயே சில நூறு ரூபாயில் கிடைப்பதும் இருக்கிறது, பல ஆயிரம் ஆவதும் இருக்கிறது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் இப்படிப்பட்ட மருத்துவச் சாதனங்கள் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. அட்டையில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி, அதிகபட்ச விலை இருக்கிறதா பாருங்கள். ஆன்லைனில் வாங்கியதில் இவை இல்லாவிட்டால் பில்லோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

நெஞ்சுத் தழும்பை வெட்டலாமா?

திருவனந்தபுரம் கிளினிக்கில் சொன்னது இதுதான் என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அது கீலாய்டு என்றால், வெறுமனே வெட்டித் தைத்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் திரும்ப வந்துவிடுகிறது, சிலருக்கு முன்பைவிடப் பெரிதாக. காரணம் எளிது: வெட்டுவதும் ஒரு புதுக் காயம்தானே. நடுநெஞ்சு மூச்சுவிடும்போதும் கை தூக்கும்போதும் சதா இழுபடும் இடம் என்பதால் ஆபத்து இன்னும் கூடுதல்.

முதல் சிகிச்சை பெரும்பாலும் ஸ்டீராய்டு ஊசி. டிரையம்சினோலோன் என்ற மருந்தைத் தழும்புக்குள்ளேயே நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை போடுவார்கள். பல தடவை வேண்டும். வலிக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. தழும்பு கெட்டியாக இருப்பதால் முதல் ஊசியில்தான் வலி அதிகம், மரத்துப்போகும் மருந்தைக் கலந்து போட்டால் சமாளிக்கலாம். சுற்றியுள்ள தோல் மெலிவது, வெளுப்பது, மெல்லிய ரத்தக்குழாய்கள் தெரிவது நடக்கலாம். மாதவிலக்கு முன்பின் ஆகலாம். சர்க்கரை நோய் இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, அடுத்த குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தாலோ ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் கீலாய்டு வளர்வதும் உண்டு. ஊசிக்கு மட்டும் அடங்காதவற்றுக்கு வேறு மருந்தைச் சேர்த்துப் போடுவது, திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது, லேசர் என்று வழிகள் இருக்கின்றன. வெட்டுவது என்று வந்தாலும் கூடவே ஊசியோ, உடனடிக் கதிர்வீச்சோ திட்டமிட்டுத்தான் செய்வார்கள். ஷீட் இதில் துணைக்குத்தான், ஊசிகளுக்கு இடையில் போடலாம்.

அந்தக் கிளினிக்குக்கு மறுபடி போவதானால் மூன்று கேள்வி கேளுங்கள். இது கீலாய்டா, இல்லையா? வெட்டிய பிறகு திரும்ப வராமல் இருக்க என்ன செய்வீர்கள்? வெட்டுகிறவர் பிளாஸ்டிக் சர்ஜனா? இரண்டாவது கேள்விக்கு "ஒன்றும் வேண்டாம், ஷீட் ஒட்டினால் போதும்" என்ற பதில் வந்தால் முன்பணம் கட்டாமல் திரும்பி வாருங்கள். எழுதிக் கொடுக்கக் கேட்பதற்கும் வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்பதற்கும் உங்களுக்கு முழு உரிமை உண்டு, இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று. "இதைப் பார்த்தால் கோயில் திருவிழாவுக்குக்கூட ரவிக்கைக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டுதான் போகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூச்சத்தைச் சின்ன விஷயம் என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம், அதுவும் டாக்டரிடம் சொல்ல வேண்டியதே. ஆனால் தழும்பு தொற்றாது, புற்றுநோயும் அல்ல. பல வருடத்துக்குப் பிறகு பழைய தீக்காயத் தழும்பில் ஆறாத புண் வந்தால் மட்டும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

மகளுக்கு

உங்கள் கைத் தழும்பு ஆழமான புண்ணால் வந்தது, அது பரம்பரை அல்ல. கீலாய்டு தன்மை மட்டும் குடும்பத்தில் வரலாம். மகளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது குத்திய காது நன்றாக ஆறியிருக்கிறது என்றால் நல்ல செய்திதான், ஆனாலும் கீலாய்டு பருவ வயதில்தான் அதிகம் தலைகாட்டும். அதனால் காதில் இரண்டாவது ஓட்டை, மூக்குக் குத்துவது போன்ற அவசியமில்லாதவற்றைத் தள்ளி வையுங்கள். ஆழமான வெட்டுக்காயமோ தையலோ ஏற்பட்டால், தையல் பிரித்து, பொருக்கு உதிர்ந்து, தோல் முழுசாக மூடியதும், ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து, சிலிகான் ஷீட்டோ ஜெல்லோ தொடங்கலாம். தடித்த பிறகு அடக்குவதைவிடத் தடிக்கும் முன் போடுவது எளிது. சாதாரணச் சிராய்ப்புக்கெல்லாம் வாங்கிச் செலவு செய்ய வேண்டாம்.

பிள்ளை அந்த ஆசிட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது இதைவிட முக்கியம். கடையில் விற்கும் பார்மிக் ஆசிட் பெரும்பாலும் 85 சதவீதச் செறிவு. குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், பூட்டிய இடத்தில் வையுங்கள். கலக்கும்போது தண்ணீரில் ஆசிட்டைச் சிறிது சிறிதாக விடணும், ஆசிட்டில் தண்ணீர் ஊற்றவே கூடாது. கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள். உங்களுக்கு ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாது என்பதால் ரப்பர் மரத்துப் பால் சேராத நைட்ரைல் கையுறையை முயன்று பாருங்கள். அதற்கும் தடித்தால் தோல் மருத்துவரிடம் கேட்டு வேறு வகை வாங்குங்கள். கையுறை இல்லாமல் மட்டும் கலக்க வேண்டாம். மேலே பட்டால் உடுப்பைக் களைந்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிஷம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பற்பசையோ மையோ தடவக் கூடாது. கண்ணில் தெறித்தால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது முதலில் சிகிச்சை எடுத்த இடத்துச் சீட்டுகள், புண் இருந்தபோது எடுத்த போட்டோக்கள், வாங்கிய ஷீட்டின் அட்டை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். பழைய சீட்டு தொலைந்திருந்தால் அந்த மருத்துவமனையில் எழுத்தில் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்குக் காப்பீட்டில் பொதுவாகப் பணம் கிடைக்காது, சுருங்கிய மூட்டை விடுவிக்கும் அறுவை சிகிச்சைக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு. கேரளப் பக்கம் போவதாக இருந்தால் நம் அட்டை அங்கே செல்லுமா என்று அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஷீட்டை மறுபடி தொடங்கும் அன்று நல்ல வெளிச்சத்தில் தழும்பின் பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் போட்டோ எடுத்து, மாதம் ஒரு முறை அதே இடத்தில் அதே வெளிச்சத்தில் எடுத்துவாருங்கள். மூன்று மாதப் போட்டோக்களில் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்றால் ஷீட்டுக்கு மேலும் செலவு செய்யாமல் கைத் தழும்புக்கும் ஊசியா, தழும்பை அழுத்திப் பிடிக்கும் இறுக்கமான உடையா, லேசரா என்று டாக்டரிடம் பேசுங்கள்.